கடைக்குப் போன பொம்மை, வீட்டுக்குப் போன பொம்மை: மேட்டல் ஜில் பராட் கேஸ்

1981ல மேட்டல் கம்பெனில புதுசா சேர்ந்த ஒரு பொண்ணுக்கு முதல் வேலையா குடுத்த பொம்மை என்ன தெரியுமா, புழு. பிசுபிசுன்னு ரப்பர் மாதிரி ஒரு புழு, சுவத்துல விட்டெறிஞ்சா ஒட்டிக்கிட்டு நெளிஞ்சு நெளிஞ்சு கீழ இறங்கும், அவ்ளோதான் அதோட வித்தை. பேரு எ பேட் கேஸ் ஆஃப் வார்ம்ஸ். ஓடல, மார்க்கெட்ல படுத்துடுச்சு. அந்த பொண்ணு பேரு ஜில் பராட், அப்போ முப்பது வயசு. பதினாறு வருஷம் கழிச்சு 1997 ஜனவரில அதே மேட்டலுக்கு சிஇஓ. அன்னைக்கு அமெரிக்காவுல பெரிய கம்பெனிகளுக்கு தலைமையில இருந்த பொண்ணுங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம், அதுல இந்தம்மா ஒருத்தர். அப்புறம் மூணே வருஷம், 2000 பிப்ரவரி 3ம் தேதி ராஜினாமா.

எம்பிஏ க்ளாஸ்ல இந்த கேஸை ஒரே வரில முடிச்சுடுவாங்க: லேர்னிங் கம்பெனின்னு குழந்தைங்களுக்கு கல்வி சாஃப்ட்வேர் பண்ற ஒரு கம்பெனியை அநியாய விலைக்கு வாங்குனாங்க, நாசமா போச்சு. தப்பில்ல, ஆனா எனக்கு அது பாதி கதை. நான் எட்டு வருஷம் எஃப்எம்சிஜி சேல்ஸ்ல, அதாவது சோப்பு, பேஸ்ட் மாதிரி அன்றாட சரக்கு விக்கற லைன்ல, குப்பை கொட்டுனவன். மார்ச் கடைசி வாரம்னா என்னன்னு அந்த லைன்ல இருக்கறவங்களுக்கு தெரியும். டார்கெட் முடிக்கணும், ஸ்டாக்கிஸ்ட் வேணாம்னு சொல்ல சொல்ல லாரியை கொண்டு போய் அவர் குடோன் வாசல்ல நிறுத்தி இறக்கிடுவோம், ப்ரைமரி அடிச்சாச்சுன்னு மேனேஜருக்கு போன் போடுவோம். ஏப்ரல்ல போனா சரக்கு அப்படியே தார்ப்பாய் போட்டு மூடி கிடக்கும், அண்ணாச்சி மூஞ்சியை திருப்பிப்பார். கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு விக்கறது ப்ரைமரி, ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்கு விக்கறது செகண்டரி. செகண்டரி நகரலைன்னா ப்ரைமரி வெறும் பேப்பர். ஜில் பராட் கதையை அந்த குடோன் வாசல்ல நின்னு பாத்தா வேற மாதிரி தெரியும், அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முன்கதை, சுருக்கமா

1951ல நியூயார்க்ல பொறந்தவங்க. அப்பா டிவி டைரக்டர். க்வீன்ஸ் காலேஜ்ல இங்கிலீஷும் சைக்காலஜியும் படிச்சு 1973ல டிகிரி. நடிக்கவும் கொஞ்சம் ஆசை, ஒரு சினிமாவுல டயலாக் இல்லாம தலைகாட்டியிருக்காங்க. அப்புறம் கோட்டி காஸ்மெடிக்ஸ் கம்பெனில வேலை, ஊர் ஊரா போய் டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல இருக்கற பொண்ணுங்களுக்கு மேக்கப் ட்ரெயினிங் குடுக்கறது. அங்க ஒரு விஷயம் கவனிச்சாங்க, சரக்கு நல்லாத்தான் இருக்கு ஆனா கடையில அதை வச்சிருக்கற விதம் சரியில்ல, வாங்க வர்றவங்க கண்ணுலயே படல. டிஸ்ப்ளேயை எப்படி மாத்தலாம்னு ஐடியா எழுதி ஹெட் ஆபீஸுக்கு அனுப்புனாங்க, அவங்களும் எடுத்துக்கிட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா இந்தம்மாவோட மொத்த திறமையும் இதுதான்: ஷெல்ஃப் முன்னாடி நிக்கற மனுஷியோட கண்ணு எங்க போகும், கை எதை எடுக்கும். அது ரத்தத்துலயே இருந்துச்சு.

அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு விளம்பர ஏஜென்சில மேக்ஸ் ஃபேக்டர் அக்கவுன்ட் பாத்தாங்க, கல்யாணம், குழந்தை, அதுக்கப்புறம் மேட்டல். புழு ஃபெயில் ஆனாலும் ஆளை விட்டுடல, ரெண்டு வருஷத்துக்குள்ள பார்பி டீமுக்கு வந்துட்டாங்க.

பார்பியை எட்டு தடவை விக்கறது

80களோட ஆரம்பத்துல பார்பியோட வருஷ விற்பனை ஏறத்தாழ 20, 25 கோடி டாலர். பொம்மைக்கு இருபது வயசு தாண்டியாச்சு (1959 மார்ச்ல நியூயார்க் பொம்மை கண்காட்சில வந்தது), இதுக்கு மேல என்ன வளரப்போகுதுன்னு கம்பெனிக்குள்ளயே நெறைய பேருக்கு நெனப்பு. ஒரு குழந்தைக்கு ஒரு பார்பி இருந்தா போதும், அப்புறம் ட்ரெஸ்ஸும் செருப்பும் வாங்குவாங்க, அதுதான் பழைய கணக்கு.

இந்தம்மா அந்த கணக்கையே திருப்பிப் போட்டாங்க. குழந்தை பொம்மையை வச்சு என்ன பண்ணுது? ஒரு நாள் தலை சீவுது, ஒரு நாள் டாக்டர் ஆட்டம், ஒரு நாள் ஆபீஸ் போறா, ஒரு நாள் கல்யாணம். அப்போ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தனி பார்பி ஏன் இருக்கக்கூடாது? 1985ல டே டு நைட் பார்பி வந்துச்சு. பிங்க் கோட்டு சூட்டு, கையில ப்ரீஃப்கேஸ், ஒரு குட்டி கால்குலேட்டர், சாயங்காலம் ஆனா அதே ட்ரெஸ் பார்ட்டி ட்ரெஸ்ஸா மாறிடும். கூடவே விளம்பரம், பொண்ணுங்க நம்மளால எது வேணா முடியும்னு. அமெரிக்காவுல அம்மாக்கள் வேலைக்கு போக ஆரம்பிச்ச நேரம், பார்பி வெறும் மேனாமினுக்கின்னு திட்டிட்டு இருந்த அம்மாவே கடையில இதை எடுத்து கூடையில போட்டாங்க. போட்டி கம்பெனி ஹாஸ்ப்ரோ ராக் ஸ்டார் பொம்மை ஒண்ணு, ஜெம்னு, கொண்டு வருதுன்னு தெரிஞ்சதும் மேட்டல் அவசர அவசரமா பார்பியை ராக் பேண்ட் சிங்கரா மாத்தி 1986ல இறக்குச்சு. இதுல ஒரு சுவாரஸ்யம், ஜெம் பார்பியை விட ஒரு இஞ்ச் உயரம். அதனால வீட்ல ஏற்கனவே இருக்கற பார்பி ட்ரெஸ் அதுக்கு சேராது. ஒரு இஞ்ச்தான், ஆனா பெட்டி நெறைய துணி வச்சிருக்கற குழந்தைக்கு அது பெரிய விஷயம். ரெண்டு வருஷத்துல ஜெம் காணாம போச்சு.

எல்லாத்துக்கும் உச்சம் 1992ல வந்த டோட்டலி ஹேர் பார்பி. கணுக்கால் வரைக்கும் முடி, கூடவே ஒரு டியூப் நிஜ ஹேர் ஜெல். யோசிச்சு பாருங்க, புதுசா என்ன இருக்கு இதுல? ஒண்ணுமே இல்ல, முடி நீளம் அவ்ளோதான். குழந்தைங்க பொம்மையை வச்சு அதிகமா பண்றது தலை சீவறதுதான்னு கவனிச்சு, சரி, ஆசை தீர சீவிக்கோன்னு அடி வரைக்கும் முடி வச்சு விட்டுட்டாங்க. ஒரு கோடிக்கு மேல வித்துச்சு, பார்பி சரித்திரத்துலயே அதிகம் வித்த பொம்மைன்னு பேர். அதே 1992ல பேசற பார்பி ஒண்ணு விட்டு அது கணக்கு க்ளாஸ் கஷ்டம்னு பேசி, கல்வியாளர் சங்கங்கள் எல்லாம் சண்டைக்கு வந்து, அந்த வசனத்தை எடுத்தாங்க, அது தனி கூத்து.

90கள்ல ஒரு அமெரிக்க பொண்ணு குழந்தைக்கிட்ட சராசரியா எட்டு, பத்து பார்பி இருந்துச்சுன்னு சொல்வாங்க. எங்க சொந்தத்துல அதே காலத்துல மொத்தமா ஒரே ஒரு பார்பி இருந்துச்சு, சிங்கப்பூர்ல இருந்து வந்தது, அத்தை அதை டப்பாவை கூட பிரிக்காம ஷோகேஸ்ல வச்சு கண்ணாடியை பூட்டிட்டாங்க, அத்தை பொண்ணு வெளிய நின்னு பாக்கும். ஷோகேஸ்ல பூட்டி வச்சா அடுத்த பார்பி எதுக்கு? ஜில் பராட் பண்ணது அதுக்கு நேர் எதிர், பொம்மையை பத்திரப்படுத்தற பொருள்ல இருந்து வாங்கி வாங்கி சேக்கற பொருளா மாத்துனது.

1997ல பார்பி விற்பனை 190 கோடி டாலர் கிட்ட. இந்தம்மா கைக்கு வந்தப்போ இருந்ததுல ஏழெட்டு மடங்கு. இது ஒண்ணும் அதிர்ஷ்டம் இல்ல. மேட்டல்ல மத்த பொம்மைங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க: ஹீ-மேன் வர்ற மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ் வரிசை 1986ல 40 கோடி டாலர், 1987ல 70 லட்சம். ஒரே வருஷத்துல! குடோனெல்லாம் ஹீ-மேனா இருந்திருக்கும். அந்த வருஷம் கம்பெனிக்கு 11.3 கோடி நஷ்டம். அப்போ சிஇஓவா வந்த ஜான் அமர்மன், ஹிட் பொம்மை பின்னாடி ஓட வேணாம், பார்பி, ஹாட் வீல்ஸ் குட்டி கார் மாதிரி வருஷக்கணக்கா நின்னு விக்கற சரக்கை கெட்டியா பிடிப்போம்னு முடிவெடுத்தார். பார்பியை கெட்டியா பிடிக்கறதுன்னா ஜில் பராட்டை கெட்டியா பிடிக்கறதுன்னு அர்த்தம். 1992ல ப்ரெசிடென்ட், 1997ல சிஇஓ.

தேனீ

இந்தம்மா எப்பவும் கோட்டுல ஒரு தேனீ ப்ரோச் குத்தியிருப்பாங்க, அம்மா குடுத்தது. தேனீயோட உடம்பு கனத்துக்கு அந்த றெக்கையால பறக்கவே முடியாதுன்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்குல்ல, ஆனாலும் அது பறக்குது, அதான் அர்த்தம். பத்திரிகைக்காரங்களுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு, எந்த பேட்டியை எடுத்தாலும் தேனீயும் பளிச்சுனு போடற ட்ரெஸ்ஸும் ஒரு பாரா. அமர்மன் என்ன கலர் டை கட்டுனார்னு எவனாவது எழுதுனானா?

கூட வேலை பாத்தவங்க ரெண்டு விதமா பேசியிருக்காங்க. பொம்மை விஷயத்துல பயங்கர ஷார்ப், கண் இமை எப்படி இருக்கணும்ங்கற வரைக்கும் பாப்பாங்கன்னு ஒரு பக்கம். எதிர்த்துப் பேசுனா பிடிக்காது, நல்ல சீனியர் ஆளுங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்கன்னு இன்னொரு பக்கம். 1999ல ப்ரெசிடென்டா இருந்த ப்ரூஸ் ஸ்டைனும் கிளம்பிட்டார்.

பிசகு தொடங்கின இடம்

பார்பி இத்தனை வருஷம் தாவித் தாவி வளந்ததால வால் ஸ்ட்ரீட்டுக்கு அதே பழக்கம் ஆயிடுச்சு, வருஷா வருஷம் ரெண்டு இலக்க வளர்ச்சி. இந்தம்மாவும் சளைக்காம வாக்கு குடுத்தாங்க. ஆனா எட்டு பார்பி வச்சிருக்கற குழந்தைக்கு ஒன்பதாவது எதுக்கு?

ஹாலிடே பார்பி கதை இங்கதான் வருது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வர்ற பட்டுப் பாவாடை மாதிரி பகட்டான கவுன் போட்ட பார்பி, 1988ல இருந்து. பெரியவங்களே சேத்து வைக்க வாங்குனாங்க. 1995ல சரக்கு பத்தாம போய், காசு கட்டிட்டு போங்க பொம்மை அப்புறம் வரும்னு வவுச்சர் குடுத்தாங்க. அந்த அளவுக்கு கிராக்கி. 1997ல அதுக்கெல்லாம் சேத்து வச்சு ஏகத்துக்கும் அடிச்சு கடைக்கு அனுப்பிட்டாங்க, பொங்கலுக்கு அப்புறம் கரும்பு கட்டு கிடக்கற மாதிரி ஜனவரில கடையில மலை மலையா கிடந்துச்சு, தள்ளுபடில போட்டும் போகல. சேக்கறவங்களுக்கும் வெறுத்துப் போச்சு, கிடைக்காத பொருளுக்குத்தானே மவுசு.

அடுத்தது டாய்ஸ் ஆர் அஸ், அமெரிக்காவோட பெரிய பொம்மைக் கடை. 1998ல அந்த கடைக்காரங்களுக்கே சரக்கு தேங்கி மூச்சு முட்டுச்சு, இனிமே குடோன்ல அடுக்கி வைக்கமாட்டோம், விக்க விக்க கேக்கறோம் அப்போ குடுங்கன்னு ஆர்டரை வெட்டிட்டாங்க. மேட்டலோட பெரிய கஸ்டமர்ல ஒருத்தர் அவங்க. அதுவரைக்கும் விற்பனைன்னு கணக்குல ஏறுனதுல ஒரு பகுதி கடைக்காரன் குடோன்ல தூங்கிட்டு இருந்த சரக்குன்னு அப்போதான் வெளிச்சம் ஆச்சு. நான் சொன்ன அண்ணாச்சி மூஞ்சி திருப்பற காட்சி, அமெரிக்கா சைஸ்ல. 1998 மார்ச்ல 46 டாலர் வரைக்கும் போன பங்கு இறங்க ஆரம்பிச்சுது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அதே 1998ல இந்தம்மா விஸ்கான்சின்ல இருந்த ப்ளெசன்ட் கம்பெனியை 70 கோடி டாலருக்கு வாங்குனாங்க, அமெரிக்கன் கேர்ல் பொம்மை பண்றவங்க. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சரித்திர காலம், ஒரு கதைப் புத்தகம். பின்னாடி ரொம்ப வருஷம் மேட்டலுக்கு சோறு போட்டது அந்த வாங்கல். பொம்மைன்னு வந்தா இந்தம்மா கணக்கு பெரும்பாலும் தப்பல.

லேர்னிங் கம்பெனி

சாஃப்ட்வேர் பக்கம் ஏன் போனாங்கங்கறதுக்கு காரணம் இருக்கு, சும்மா இன்டர்நெட் மோகம் மட்டும் இல்ல. 1996ல மேட்டல் பார்பி ஃபேஷன் டிசைனர்னு ஒரு சிடி-ராம் விட்டுச்சு. குழந்தை கம்ப்யூட்டர்ல ட்ரெஸ் டிசைன் பண்ணலாம், அதை துணி ஒட்டுன ஒரு ஸ்பெஷல் பேப்பர்ல ப்ரின்ட் எடுத்து, வெட்டி, ஒட்டி, வீட்ல இருக்கற பார்பிக்கு நிஜமாவே போட்டு விடலாம். ரெண்டே மாசத்துல 5 லட்சம் காப்பி. பொண்ணுங்க கம்ப்யூட்டர் கேம் வாங்க மாட்டாங்கன்னு சொன்னவங்க வாயை மூடுனாங்க. ஆனா அது ஏன் வித்துச்சு? ஸ்க்ரீன்ல ஆரம்பிச்சு கையில இருக்கற பொம்மையில வந்து முடிஞ்சதால. எனக்கு தோணறது, மேட்டல்காரங்க இதுல இருந்து தப்பான பாடம் படிச்சாங்க, பொம்மையால சிடி வித்துச்சுன்னு எடுத்துக்காம சிடியே தனியா விக்கும்னு எடுத்துக்கிட்டாங்க.

லேர்னிங் கம்பெனியை வாங்கப்போறோம்னு 1998 டிசம்பர்ல அறிவிப்பு, 1999 மே மாசம் டீல் முடிஞ்சுது, பங்கா குடுத்தது சுமார் 350 கோடி டாலர் மதிப்பு. அதாவது அமெரிக்கன் கேர்லுக்கு குடுத்ததைப் போல அஞ்சு மடங்கு.

வாங்கின கம்பெனி எப்படிப்பட்டது? பேர் அழகான பேர், ஒரு டீச்சரம்மா 1980ல ஆரம்பிச்சது, ரீடர் ராபிட்னு குழந்தைங்களுக்கு எழுத்து சொல்லித் தர்ற முயல். ஆனா 1995லயே அதை சாஃப்ட்கீன்னு ஒரு கம்பெனி மல்லுக்கட்டி வாங்கிட்டு, தன் பேரை விட்டுட்டு இந்த நல்ல பேரை தனக்கு வச்சுக்கிச்சு. சாஃப்ட்கீ ஆளுங்க மைக்கேல் பெரிக், கெவின் ஓலியரி. ஆமா, பின்னாடி டிவில ஷார்க் டேங்க்ல மொட்டைத் தலையோட உக்காந்து எல்லாரையும் வறுத்தெடுப்பாரே, அவரேதான். அவங்க பாணி, கம்பெனி கம்பெனியா வாங்கறது, புது டெவலப்மென்ட் செலவை வெட்டறது, பழைய டைட்டிலை மலிவு டப்பால போட்டு கடை கடையா தள்றது, ஒவ்வொரு தடவையும் வாங்கின செலவை இது ஒரு தடவை செலவுதான்னு தனியா ஒதுக்கி எழுதறது. ஓரகன் ட்ரெயில், கார்மென் சான்டியாகோ, மிஸ்ட்னு பேர் வாங்குன கேம் எல்லாம் இப்படி வந்து சேந்ததுதான்.

சேல்ஸ்ல இருந்தவன் யாரையாவது அந்த கணக்கு புக் முன்னாடி உக்கார வச்சிருந்தா லாபத்தை பாத்திருக்க மாட்டான், நேரா வர வேண்டிய பாக்கி பக்கத்தை திருப்பியிருப்பான். சாஃப்ட்வேர் டப்பாவுக்கு ஒரு குணம் உண்டு, விக்கலைன்னா கடைக்காரன் திருப்பி அனுப்பிடுவான். அனுப்பின அன்னைக்கு வருமானம்னு எழுதறே, ஆறு மாசம் கழிச்சு லாரி திரும்பி வருது, அப்போ? இதுல இன்டர்நெட் வேற வந்துடுச்சு, குழந்தைக்கான விளையாட்டு ஓசிலயே கிடைக்குது, சிடி விலை சரிஞ்சுட்டே போகுது.

1999 அக்டோபர் ஆரம்பத்துல வெடிச்சுது. அந்த காலாண்டுல லேர்னிங் கம்பெனி 5 கோடி டாலர் லாபம் காட்டும்னு எதிர்பாத்த இடத்துல, 5ல இருந்து 10 கோடி வரைக்கும் நஷ்டம்னு மேட்டல் சொல்லுச்சு. காரணமா சொன்னது என்ன? டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இருந்து எதிர்பாத்ததை விட அதிகமா சரக்கு திரும்பி வந்துடுச்சு, வராக்கடன் ஏறிடுச்சு, லைசென்ஸ் டீல் ஒண்ணு தள்ளிப்போச்சு. முதல் வரியை படிச்சப்போ எனக்கு அந்த தார்ப்பாய்தான் ஞாபகம் வந்துச்சு. ஒரே நாள்ல பங்கு மதிப்புல 200 கோடி டாலருக்கு மேல காலி. கடைசில அந்த காலாண்டு நஷ்டம் 10.5 கோடின்னு வந்துச்சு. அடுத்த காலாண்டு சரியாயிடும்னாங்க, அது 18.3 கோடி நஷ்டம். பெரிக்கும் ஓலியரியும் அதுக்குள்ள போயாச்சு.

சரக்கை தள்ளிவிட்டு வித்ததா எழுதறது எப்படி முடியும்னு ஹாலிடே பார்பில கையை சுட்டுக்கிட்டவங்க இந்தம்மா. ஒரு வருஷம் கூட சரியா முடியறதுக்குள்ள அதே நோய் முத்திப்போன ஒரு கம்பெனியை 350 கோடி குடுத்து வீட்டுக்கு கூட்டிட்டு வந்தாங்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறாத ஆச்சரியம். பொம்மையோட கண் இமையை பாத்த கண்ணு அந்த பாக்கி பக்கத்தை பாக்கலையா, இல்ல பாத்தும் வளர்ச்சி காட்டியே ஆகணும்ங்கற நெருக்கடில கடந்து போயிடுச்சா? ரெண்டாவதுன்னுதான் நான் நினைக்கறேன். டீல் அறிவிச்ச அதே டிசம்பர்லதான் மேட்டல் தன்னோட கிறிஸ்துமஸ் விற்பனையும் அடி வாங்குதுன்னு சொல்லுச்சு. ஓட்டை தெரியற சுவத்துல மாட்ட ஒரு பெரிய படம் தேவைப்பட்டிருக்கு.

இன்னொண்ணு. இந்த டீலுக்கு கையை தூக்குனது போர்டு மொத்தமும். ஷேர்ஹோல்டர்களும் ஓட்டு போட்டாங்க. ஆனா கவிழ்ந்ததும் எழுதுனதெல்லாம் ஒரு பொம்பளையோட கர்வம், பகட்டுன்னு. கர்வம் இருந்திருக்கலாம், நான் இல்லைங்கல. ஆனா பொய்யா வீங்குன கம்பெனியை கோட்டு சூட்டு போட்ட ஆம்பளைங்கதான் வித்தாங்க, போர்டுல இருந்த ஆம்பளைங்க சரின்னாங்க, அவங்க டை கலர் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

கடைசிக் கணக்கு

2000 பிப்ரவரில இந்தம்மா கிளம்புனப்போ பங்கு 11 டாலர் கிட்ட. 1999 வருஷத்துக்கு மேட்டல் நஷ்டத்துல முடிஞ்சுது. முன்னாடியே 3,000 பேரை வேலையில இருந்து எடுக்கப்போறதா அறிவிச்சிருந்தாங்க. ஆனா வழியனுப்பு தொகை 5 கோடி டாலர் சுமாருக்கு. கம்பெனிகிட்ட வாங்கியிருந்த கடன் தள்ளுபடி, வீட்டுக் கடனும் தள்ளுபடி, அந்த தள்ளுபடிக்கு வர்ற வரியையும் கம்பெனியே ஏத்துக்கிச்சு. ஆபீஸ்ல உக்காந்திருந்த மேஜை நாற்காலியை 1 டாலருக்கு எடுத்துக்கலாம்னு கூட அதுல இருந்துச்சு. கேட்டா ஒப்பந்தத்துல இருந்துச்சும்பாங்க. அந்த ஒப்பந்தத்துக்கும் கையெழுத்து போட்டது அதே போர்டுதான்.

மே மாசம் க்ராஃப்ட்ங்கற உணவு கம்பெனில இருந்து ராபர்ட் எக்கர்ட் சிஇஓவா வந்தார், பொம்மை அனுபவமே இல்லாத, சீஸ் வித்துட்டு இருந்த மனுஷன். வந்த சில மாசத்துலயே லேர்னிங் கம்பெனியை கோர்ஸ்ங்கற ஒரு முதலீட்டு கம்பெனிக்கு தள்ளி விட்டார். கையில ரொக்கமா ஒரு டாலர் வாங்கல, பின்னாடி லாபம் வந்தா அதுல பங்கு குடுங்கன்னு மட்டும். கோர்ஸ்காரங்க அதை பிரிச்சு மேஞ்சு, கேம் பகுதியை யூபிசாஃப்ட்டுக்கும் கல்வி பகுதியை ரிவர்டீப்புக்கும் அடுத்த வருஷமே வித்துட்டாங்க. ஷேர்ஹோல்டர்கள் போட்ட கேஸை மேட்டல் 2002ல 12.2 கோடி டாலருக்கு சமரசம் பேசி முடிச்சுது.

இந்தம்மா அதுக்கப்புறம் எந்த பெரிய கம்பெனிக்கும் தலைமைக்கு வரல. மேட்டலுக்கு அடுத்து ஒரு பொண்ணு சிஇஓவா வர 2017 ஆச்சு, கூகுள்ல இருந்து வந்த மார்கோ ஜார்ஜியாடிஸ், அவங்களும் ஒரு வருஷம் சொச்சத்துல கிளம்பிட்டாங்க.

எங்க அத்தை வீட்டு ஷோகேஸ் பார்பி இன்னும் அப்படியே இருக்கு, செல்லோடேப் மட்டும் மஞ்சளாயிடுச்சு. மேட்டல் கணக்குல அது என்னைக்கோ வித்த சரக்கு.